ஏரிக்கு மேலே ஒரு தெரு

டிசம்பர் 17, 2023, ஞாயிறு

காலை, மகள் பாப்பாவின் பிரஷர் 128/82. பிள்ளைத்தாச்சிக்குப் பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு சறுக்குவண்டியில் சாமான்களை அடுக்குகிறார், இறக்குகிறார், மறுபடி அடுக்குகிறார். மடக்குக் கூடாரம், கேஸில் எரியும் ஒரு ஹீட்டர், கவிழ்த்துப் போட்டு உட்கார வாளி, ஒன்றரை முழம்கூட இல்லாத தூண்டில் கம்புகள். எல்லாம் மெடிசன் ஏரி உறைந்ததும் அதன் மேல் போய் மீன் பிடிப்பதற்கு. ஏரி உறைகிற வழியாகத் தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் ஆடை கட்டியிருக்கிறது. ஒரு கல்லை எடுத்துப் போட்டேன், உள்ளே போய்விட்டது.

டிசம்பர் 21, வியாழன்

மீன் வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம். காற்று வேண்டுமென்றால் தோட்டத்தில் நிற்கலாம். இரண்டையும் சேர்த்து அனுபவிக்க ஒருவர் பனிக்கட்டி மேல் போய்த்தான் உட்கார வேண்டுமா? இவளிடம் கேட்டேன். "நீங்கள் திண்ணையில் எதற்கு உட்கார்ந்தீர்கள்?" என்றாள். மாலை 131/84.

டிசம்பர் 25, திங்கள்

மழை. கிறிஸ்துமஸ் அன்று மினசோட்டாவில் மழை! மாப்பிள்ளையே ஜன்னலோரம் போய்ப் போய்ப் பார்க்கிறார். நேற்றும் ஐம்பது பாரன்ஹீட்டுக்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் கராஜை மூடிவிட்டார். வாழ்த்துச் சொல்லப் போனேன். "பிரவுன் கிறிஸ்துமஸ்", பனியே இல்லாத கிறிஸ்துமஸ், என்று உதட்டைப் பிதுக்கினார். மழை பெய்யாமல் போனால் எங்கள் ஊர்க்காரன் முகம் எப்படிப் போகுமோ, பெய்ததற்கு இவர் முகம் அப்படிப் போகிறது.

டிசம்பர் 30, சனி

வடக்கே அப்பர் ரெட் ஏரியில் நேற்று சாயங்காலம் ஐஸ் பாளமாகப் பிளந்து காற்றில் நகர்ந்துவிட்டதாம். மேலே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். கரைக்கும் பாளத்துக்கும் நடுவே திறந்த தண்ணீர். ராத்திரிக்குள் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். போன வருஷமும் நவம்பர் கடைசியில் இதே ஏரியில் இதே மாதிரி நடந்திருக்கிறது.

இதைப் படித்தவன் அடுத்த வருஷம் போவானா? போவான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஏரி பரந்தது, ஆழம் இல்லாதது, எல்லாவற்றுக்கும் முன்னால் உறையும். நவம்பரிலேயே கை அரிக்கிறவர்கள் வேறு எங்கே போவார்கள்?

எனக்குத் தூக்கம் வரவில்லை. நகர்ந்துபோகிற பாளத்தில் நிற்பவன் கரையைப் பார்த்துக்கொண்டு என்ன செய்திருப்பான்? கம்பைச் சுருட்டியிருப்பானா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டிருப்பானா?

ஜனவரி 3, 2024

141/90. எழுத மனமில்லை.

ஜனவரி 5, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். "பார்க்கலாம்" என்றார்கள். மூன்று பேர் தனித்தனியாக வந்து மூன்று தடவை "பார்க்கலாம்". காத்திருக்கும் அறையில் மீன்தொட்டி ஒன்று இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு மீன், அதுவும் மூலையில் போய் நின்றுகொண்டிருந்தது. பாப்பா இனி இடது பக்கமே படுக்க வேண்டும். ஆபீஸ் வேண்டாம், மாடிப்படி வேண்டாம்.

உப்பைப் பற்றி இவளுக்கும் எனக்கும் வாக்குவாதம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 10, புதன்

மாநில இயற்கைவளத் துறை ஐஸுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆள் நடக்க 4 அங்குலம். பனிவண்டிக்கு 5 முதல் 7. சின்னக் காருக்கு 9, 10. பிக்கப் லாரி என்றால் 13. இதெல்லாம் தெளிந்த புது ஐஸுக்கு மட்டும். பனி விழுந்து ஊறி வெள்ளையாக உறைந்தது என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அதற்குக் கீழே, எந்த ஐஸும் நூறு சதவீதம் பத்திரம் அல்ல என்று ஒரு வரியும் போட்டுவிடுகிறார்கள். பொதுப்பணித் துறையில் நாங்களும் இப்படித்தான் எழுதுவோம்.

கண்மாய் மடையில் அளவுப் பலகை பார்த்தே காலம் தள்ளியவன் நான். தினமும் கரைக்குப் போய் வருகிறேன். வெளியே அங்குலம், வீட்டுக்குள் பாதரசம். பாதரசம்கூட இல்லை, இப்போது எல்லாம் டிஜிட்டல்.

பிரைனர்ட் ஊர்ப் பக்கம் கல் (Gull) என்கிற ஏரியில் ஒரு பெரிய போட்டி நடக்குமாம். பத்தாயிரம் பேர்வரை ஒரே நாளில் ஒரே வளைகுடாவில் துளைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்களாம். ஐஸ் போதாது என்று இந்த வருஷம் ரத்து.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, அதுவும் பாரன்ஹீட்டில். மூக்குக்குள் முடி விறைக்கிறது. சூரியன் வந்தது, கும்பிட்டேன், ஆனால் சூடு இல்லை. மின்சார அடுப்பில் பால் பொங்கியது. புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று மாப்பிள்ளை துண்டை வைத்து வீசிக்கொண்டே இருந்தார். குலவை போட்டவள் இவள் ஒருத்திதான்.

பாப்பாவிடம் கேட்டேன்: இந்தக் குளிரில் மீன் எப்படிச் சாகாமல் இருக்கிறது? இடது பக்கம் படுத்தபடியே பாடம் எடுத்தாள். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக கனம். அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்தது லேசாகி மேலே வரும், மேலேதான் உறையும். ஐஸ் மிதக்கும், அதுவே மூடியாகிவிடும். மீன் அடியில் நாலு டிகிரியில் அசையாமல், அதிகம் தின்னாமல், இருக்கிற மூச்சைச் சிக்கனம் பண்ணிக்கொண்டு நாளை ஓட்டும். "என்னை மாதிரி" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

ஜனவரி 18

ஐந்தரை அங்குலம். 132/84. இரண்டும் நல்ல பக்கம்.

ஜனவரி 20, சனி

ஏழு அங்குலம். டேப்பைத் துளைக்குள் விட்டு நானே அளந்தேன்.

மாப்பிள்ளையின் ஜாக்கெட்டுக்குள் என் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று. இவள் குரங்குக் குல்லாயை இழுத்துக் கட்டிவிட்டாள். வெளியூர்க்காரனுக்கு ஒருநாள் லைசென்ஸ் போனிலேயே கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கழுத்திலும் என் கழுத்திலும் ஆளுக்கொரு கயிறு, அதில் இரண்டு கூர் ஆணிப்பிடி. உள்ளே விழுந்தால் ஐஸில் குத்தி ஏறுவதற்கு. அவர் கடப்பாரையால் முன்னே குத்திக்கொண்டே நடக்கிறார், நான் அவர் காலடியில் என் காலை வைத்துப் போகிறேன்.

துளை போடுவது நிமிஷ வேலை. பேட்டரி ஆகர் உறுமிக்கொண்டு இறங்குகிறது, வெள்ளைத் தூள் சுற்றிலும் குவிகிறது, ஒரு கணம் பிடிமானம் விட்டுப்போகிறது, கறுப்புத் தண்ணீர் பொங்கி மேலே வந்து நின்றுவிடுகிறது. தூளை அள்ளி வெளியே போட ஒரு கரண்டி வைத்திருக்கிறார். அப்பளம் எடுக்கிற ஜல்லிக்கரண்டியேதான்! இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. துளையில் மறுபடி மறுபடி சவ்வு கட்டும், அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

கூடாரத்துக்குள் ஒரு வட்டக் கருவி. கீழே ஒலி அனுப்பி, திரும்பி வருவதை விளக்குக் கோடாகக் காட்டுகிறது. ஏரியின் தரை தடித்த சிவப்பு. அதற்கு மேலே நம் தூண்டில் முள், ஒல்லியாகப் பச்சை. மீன் வந்தால் தரையிலிருந்து இன்னொரு கோடு பிரிந்து கிளம்பும். கிட்ட வர வர அகலமாகிச் சிவக்கும். ஒன்று வந்தது. என் கோட்டுக்குக் கீழே வந்து நின்றது. முள்ளை இம்மி உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். அதுவும் உயர்ந்தது. இன்னும் இம்மி. கூடவே வந்தது. இருபதடி ஆழத்தில் ஒரு உயிர் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அது பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு கோடு மெலிந்து கீழே போய்விட்டது. எனக்கு ஏமாற்றமே இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது.

இந்தக் குளிரில் மீன் இழுத்துக்கொண்டு ஓடாதாம். வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும். அதனால்தான் கம்பின் நுனி அவ்வளவு மெல்லிசு. நுனி லேசாக நடுங்கினால் உண்டு, நடுங்காமல் லேசாக நிமிர்ந்தாலும் உண்டு.

திடீரென்று காலுக்கடியில் பெரிய சத்தம். கம்பியை அறைந்தது போலத் தொடங்கி, கீச்சென்று போய், தாழ்ந்து ஓய்ந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். "நல்லது, ஐஸ் கனத்துக்கொண்டிருக்கிறது" என்றார் வாளியிலிருந்து அசையாமல். குளிர் ஏற இறங்க ஐஸ் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். தகட்டுக்குள் உயர்ந்த சுருதி முன்னால் ஓடும், தாழ்ந்தது பின்னால் வரும். அதனால்தான் தூரத்து வெடிப்பு அப்படி இழுபடுகிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. பாப்பா வீட்டுத் தெருவில் ஒருவர் இன்னொருவரை நிறுத்திப் பேசி நான் பார்த்ததில்லை. கார் வரும், கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். இன்று ஏரி மேல் கூடாரத்துக்குக் கூடாரம் ஆள் போய்வருகிறது. "ஏதாவது கிடைத்ததா?" என்று குனிந்து தலையை நீட்டுகிறார்கள். பொய் சொல்லலாம், எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவர் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து ஊற்றினார். ஒரு சிறுவன் எங்கள் துளையில் எட்டிப் பார்த்து இங்கே மீனே கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். ராத்திரி விட்டுவைக்கும் குடிசைக்கு வெளியே சொந்தக்காரர் பெயரோ எண்ணோ எழுதியிருக்க வேண்டுமென்று சட்டம். கதவிலக்கம்கூட இருக்கிறது, பாருங்கள். ஜூலையில் ஏரியின் நடு, படகு வைத்திருப்பவனுக்கு. கரை, கரையில் வீடு வாங்க முடிந்தவனுக்கு. ஜனவரியில் ஒரு வாளி போதும். கோடையில் ஆளுக்கு ஒரு தூண்டில்தான், உறைந்துவிட்டால் இரண்டு போடலாம் என்று அரசாங்கமே தாராளமாகிவிடுகிறது.

உள்ளங்கை அகலத்தில் சில புளூகில், ஒரு கிராப்பி.

ஜனவரி 21, ஞாயிறு

இவள் மிளகும் மஞ்சளும் தடவிப் பொரித்தாள். சதை வெள்ளையாக, முள் குறைவாக. கெண்டையைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் ஊரில் என்னைச் சேர்க்கமாட்டார்கள்.

பாப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று மாப்பிள்ளை சுகாதாரத் துறையின் அட்டவணையை எடுத்தார். மீனில் பாதரசம் இருக்கிறதாம். அவள் நிலையில் புளூகில், கிராப்பி போன்றவை வாரம் ஒருமுறை சாப்பிடலாம். வால்ஐ மீன் என்றால் இருபது அங்குலத்துக்குள் இருப்பது மாதம் ஒருமுறை. ஒரு துண்டு வைத்தோம். எலும்பைக்கூட விடவில்லை. 129/80!

எங்கள் பக்கம் கண்மாய் வற்றி முழங்காலளவு வந்ததும் பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் கொசுவலையுமாக உள்ளே பாயும். விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காதவனுக்கும் பக்கத்தில் இருப்பவன் ஒரு கெளுத்தியைத் தூக்கிப் போடுவான். வருஷமெல்லாம் தண்ணீர் நின்ற இடத்தில் அன்றைக்கு ஒருநாள் ஊரே நிற்கும். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இங்கே வெயிலுக்குப் பதில் குளிர் அந்த வேலையைச் செய்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்காரர் மரத்தில் செதுக்கிய ஒரு மீனைக் காட்டினார். அவர் தாத்தாவுடையது. தகரத் துடுப்பு, வயிற்றில் ஈயம், சாயம் போன கண். ஜன்னல் இல்லாத இருட்டுக் குடிசைக்குள் பெரிய துளைக்கு முன்னால் உட்கார்ந்து இந்த மர மீனை நூலில் ஆட்டுவார்கள். வெளிச்சம் கீழே தண்ணீரிலிருந்துதான் வரும். நார்தர்ன் பைக் என்கிற நீள மூக்குக்காரன் நெருங்கினால் ஈட்டி. ஓஜிப்வே மக்கள் இதை வெள்ளைக்காரர் வருவதற்கு நெடுநாள் முன்பே செய்துவந்தவர்கள். மினசோட்டாவில் இன்றும் அனுமதி உண்டு. மர மீனைக் கையில் வாங்கினேன். நல்ல கனம்.

ஜனவரி 26, வெள்ளி

மாப்பிள்ளையின் நண்பர் வந்தார். ஐஸ் மீன்பிடிப்பு ஒருவகைத் தியானம், மனத்தை அமைதிப்படுத்தும் என்று அரைமணி நேரம். அவர் போனதே இல்லை. அங்கே யார் அமைதியாக இருந்தார்கள்? நாய் குரைக்கிறது, ஹீட்டர் இரைகிறது, ரேடியோவில் ஹாக்கி, ஐஸ் வேறு வெடிக்கிறது. கண்ணுக்கு ஒரு கோடு, கைக்கு ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு ஆள், "இப்போது எப்படி இருக்கிறது" என்று கேட்காத ஆள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. தியானம் பண்ண நான் காரைக்குடிக்கே போயிருப்பேன்.

144/92. நண்பர் போன பிறகு.

ஜனவரி 29

வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆரஞ்சு மீன் இன்றும் அதே மூலை.

ஜனவரி 31, புதன்

55 பாரன்ஹீட். ஜனவரியில்! அரைக்கைச் சட்டையில் ஓடுகிறார்கள். ஏரி மேல் தண்ணீர் தேங்கி வானம் தெரிகிறது, கரையோரம் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போகவில்லை. ஐஸ் இருக்கிறதுதான், ஆனால் வெயிலில் ஊறின ஐஸ் குச்சிகுச்சியாகப் பிரியும், அங்குலக் கணக்கு அதற்குச் செல்லாது என்றார்.

அப்படியானால் அளந்து என்ன பயன்? கேட்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

குடிசைகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள். மாநிலத்தின் இந்தப் பக்கத்துக்கு மார்ச் முதல் திங்கள்வரை கெடு உண்டு. இந்த வருஷம் கெடுவைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் தைரியமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கூடாரத்தைக் கராஜில் விரித்துக் காயவைத்திருக்கிறார். வடக்கே லேக் ஆஃப் த வுட்ஸில் இன்னும் பிடிக்கலாம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், வருகிறீர்களா என்றார். தாராளமாக ஐந்து மணி நேரம் ஆகும் என்கிறார் மாப்பிள்ளை. இங்கே தூரத்தைச் சொல்வதிலும் மீன்காரர்கள் மீன்காரர்கள்தான். இப்போது எப்படிப் போவது என்றேன். தலையாட்டினார். கரண்டியை மட்டும் என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். இவள் அதில் இன்றைக்கே வடை எடுத்துவிட்டாள்.

மதியம் 146/94. சாயங்காலம் பாப்பா தலைவலி என்றாள். அதோடு கண்ணுக்குள் பொறி பறக்கிறதாம். மறுபடி வைத்துப் பார்த்தோம், 158/104. போன் பண்ணியாயிற்று, உடனே கிளம்பச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை காரை எடுக்கப் போயிருக்கிறார். இவள் பை, சால்வை, விபூதி. ஃபைல் எங்கே என்று சத்தம் போடுகிறாள். என் மேஜையில்தான் இருக்கிறது, இதற்கு அடியில்