கோட்டை வாசலில் இரண்டு கயல்கள்

இலங்கையின் திருகோணமலையில், கோட்டைக்குள் மலைமேல் இருக்கும் சிவன் கோயிலான திருக்கோணேச்சரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாகனத்திலேயே கோட்டைக்குள் நுழைந்து, கோயிலுக்கு அருகில் இறங்கிக்கொள்கிறார்கள். நானும் பத்துப் பன்னிரண்டு முறை அப்படித்தான் போயிருக்கிறேன். இந்த முறை அம்மம்மா ஓட்டோவைக் கோட்டை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். எண்பதைத் தாண்டியவர். "மலையை மிதித்து ஏறவேண்டும், பிள்ளை. கண் மட்டும் கும்பிட்டால் போதுமா?" என்றார்.

வாசலில் நின்று ஒரு கல்லைக் காட்டினார். முதலில் எனக்கு வெறும் கல்தான் தெரிந்தது. தலையைச் சற்றுச் சாய்த்தபோது இரண்டு மீன்கள் புலப்பட்டன. பாண்டியரின் இணைக்கயல். கூடவே தேய்ந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற மன்னன் முன்னே செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டு அது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், பாதி கூடியது, பாதி கூடவில்லை. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். கல்லில் விரல் வைத்த பிறகுதான் அது நெஞ்சில் உறைத்தது. கோயிலுக்குப் போகிற அவசரத்தில் நான் இத்தனை காலம் கோயிலின் ஒரு துண்டைக் கடந்து போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடை தானாகவே மெதுவாகிவிட்டது. பாதையோர மரங்களின் கீழ்ப் புள்ளிமான்கள் படுத்திருந்தன. ஒரு கலைமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று, எட்டாத வேப்பங்கொத்தை எட்டிப் பிடித்தது. இரவு பெய்த தூறலில் நனைந்த மண்ணில் அவற்றின் குளம்படிகள், யாரோ வாசலில் இட்ட இரட்டை இலைக் கோலம் போல வரிசையாகப் பதிந்திருந்தன. ஒரு குட்டி, காற்றில் வந்த பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. அம்மம்மா பதறிப்போய் அருகே சென்று, வாழைப்பழம் ஒன்றைக் காட்டி ஆசைகாட்டிப் பையைப் பிடுங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டார். மான்களுக்குத் தின்னக் கொடுக்கிறவர்கள் பையையும் கையோடு எடுத்துப் போகக்கூடாதா? இது சுவாமியின் மலை. மானைக் கையில் ஏந்திய சுவாமி.

கோயிலில் தரிசனம் நிறைவாக இருந்தது. மாதுமை அம்மனின் முன்னே அம்மம்மா நெடுநேரம் நின்றார். பிறகு என்னை இராவணன் வெட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

மலை உச்சியிலிருந்து கடல்மட்டம் வரை பிளந்து கிடக்கும் அந்தப் பிளவைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அருகில் நின்று பார்த்தால் வேறு பல தெரிகின்றன. பாறை முழுவதும் ஒரே கறுப்பு என்று நினைத்திருந்தேன். அதற்குள் வெள்ளைக் கோடுகள் விபூதிக் குறி போல ஓடுகின்றன. மண்ணே இல்லாத வெடிப்புகளில் ஆலங்கன்றுகள் வேர் பிடித்திருக்கின்றன. புறாக்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவுகின்றன. அவை கடலைப் பார்த்துப் பறப்பதை மேலேயிருந்து பார்க்கிறோம். பறவையின் முதுகை வேறு எங்கே காண முடிகிறது? விளிம்பு மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குள் சிலந்தி வலை பின்னி, அதில் பனித்துளி கோத்திருந்தது.

திருஞானசம்பந்தர் இங்கே வந்ததில்லை; இராமேச்சரத்தில் நின்றே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. பதிகத்தில் 'குரைகடல்' என்று ஒரு சொல் வைத்தார். அந்தச் சொல்லை அன்று நான் காதால் கேட்டேன். அலை பிளவுக்குள் புகுந்து, அடித்தொண்டையில் உறுமி, மூச்சு வாங்கித் திரும்பிப் போகிறது.

கோயிலுக்கு வர முடியாத தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்து இராவணன் வெட்டினான் என்பது கதை. அந்தத் தாய்க்கு ஈமக்கடன் செய்ய அவன் உண்டாக்கியவை, திருகோணமலைக்கு அருகே கன்னியா என்ற ஊரில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள். என் அம்மாவின் அந்தியேட்டியையும் அங்கேதான் செய்தோம். அம்மம்மா எப்போதும் இந்தக் கதையை நீட்டி முழக்கிச் சொல்வார். இம்முறை பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சற்றுப் பொறுத்துத் தன் சிறுவயதைச் சொல்லத் தொடங்கினார். 1950இல் கிணறு வெட்டியபோது பழைய கோயிலின் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இப்போதுள்ள கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அதற்கு முன்னே முந்நூறு வருடத்துக்கு மேல் இங்கே கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை. "ஆனால் சனம் வராமல் இருந்ததில்லை, பிள்ளை. என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இந்தப் பாறையைத்தான் கும்பிட்டார். பூவைக் கடலில் போடுவோம். தேங்காயைக் கல்லில் உடைப்போம். வேறென்ன வேண்டும்?"

கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என்னிடம் நீட்டினார். உடைத்தேன். தேங்காய்த்தண்ணீர் பாறையின் வெள்ளைக் கோடு ஒன்றைப் பிடித்து மெல்ல ஓடி, விளிம்பில் ஒரு கணம் தங்கி, கீழே இறங்கியது. அம்மம்மா குனிந்து ஈரக் கல்லைத் தொட்டு, அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.