அயோடெக்ஸ் வாசத்துல ஒரு டூத்பேஸ்ட்

லண்டன்ல இருக்கிற மச்சான் புண்ணியத்துல யூத்திமால்னு ஒரு பேஸ்ட் எங்க குன்னூர் வீட்டுக்கு வந்து சேந்திருக்கு. பிங்க் கலர், வாய்ல வச்சதும் சுருக்குனு ஏறுது, வாசம் அப்படியே அயோடெக்ஸ். "முட்டிக்குத் தேய்க்கிறத பல்லுக்குத் தேய்க்கிறீங்களே"ன்னு எங்க வீட்டம்மா அதைத் தொடவே இல்ல.

அவ சொன்னதுலயும் விஷயம் இருக்கு. ரெண்டுலயும் வாசம் குடுக்கிறது மெத்தில் சாலிசிலேட், அதாங்க விண்டர்கிரீன் ஆயில். ஊட்டி கடைங்கள்ல யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்துலயே சின்ன பாட்டில்ல அடுக்கி வச்சிருப்பாங்களே, அதே சரக்கு. அந்தச் செடி நம்ம நீலகிரியில சோலை ஓரத்துல தானா வளருது, இலையைக் கசக்கி மோந்தாலே தெரிஞ்சிடும். வெள்ளைக்காரன் காலத்துல கொய்னா, அதாவது மலேரியா மருந்து வேலைக்காக இங்க இருந்த பிராட்டன்ங்கற கெமிஸ்ட், இந்த எண்ணெய்ல இருந்து கார்பாலிக் ஆசிட்ங்கற கிருமி கொல்ற மருந்தை எடுக்கலாம்னு அரசாங்கத்துக்கே சொல்லிப் பாத்திருக்கார்.

கார்பாலிக்குக்கு அப்போ அவ்ளோ மவுசு. 1867ல லிஸ்டர் டாக்டர் அதை வச்சு ஆபரேஷன் புண்ணு சீழ் பிடிக்காம தடுக்கலாம்னு எழுதினாரு, அப்புறம் 1890ல மில்லர்னு பெர்லின்ல இருந்த அமெரிக்க பல் டாக்டர், வாய்ல இருக்கிற கிருமி சாப்பாட்டு மிச்சத்தைப் புளிக்க வச்சு ஆசிட் ஆக்குது, அதுதான் பல்லை அரிக்குதுன்னு புஸ்தகமே போட்டுட்டாரு, அப்போ கிருமியைக் கொன்னா பல்லு தப்பிச்சுடும்னு ஆளாளுக்கு பேஸ்ட், பவுடர், வாய் கொப்பளிக்கிற தண்ணினு இறங்கிட்டாங்க. டெட்ராய்ட்ல இருந்த பார்க் டேவிஸ் மருந்து கம்பெனி யூத்திமாலைக் கொண்டு வந்தது 1898ல.

அதுல இருக்கிற இன்னொரு சரக்கு தைமால். நம்ம ஓமத்துல இருக்கிறது அதுதான், ஓமத்தை மென்னா நாக்கு மரத்துப் போற மாதிரி ஆகுமே, அது தைமால் வேலை. முதல் உலகப்போருக்கு முன்னாடி இந்தியா ஓமம் கப்பல் ஏறி ஜெர்மனி போய், அங்க தைமாலா மாறி வித்துச்சு. நம்ம ஓமம், அவன் லாபம்!

அதுக்காக கடையில வாங்கின விண்டர்கிரீன் ஆயிலை எடுத்து பல்லுல தேய்ச்சுடாதீங்க, கொஞ்சம் உள்ள போனாலே விஷம், சின்ன புள்ளைங்க கைக்கு எட்டவே கூடாது.

மில்லர் சொன்னது சரிதான், ஆனா காலைல கொன்ன கிருமி மத்தியானத்துக்குள்ள திரும்ப வந்துடும். 1950கள்ல ஃப்ளோரைடு பேஸ்ட் கடைக்கு வந்து, பல்லையே கெட்டியாக்குற வழியைப் பிடிச்சுது. மச்சான் குடுத்த ட்யூப்ல ஃப்ளோரைடு கிடையாது, அதனால காலைல ஆசைக்கு இது, ராத்திரி படுக்கப் போறப்ப வழக்கமா வாங்குற பேஸ்ட்தான்.