கூரையில்லாதவரின் பிள்ளைகள்

மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு வீடு கட்டுபவரின் விசுவாசத்தை அறிய விரும்புகிறவர், அச்சபைக்குப் பெயர் தந்த மென்னோ சைமன்ஸின் குடும்பத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த அவர், விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடக்கூடிய வயதுடையோருக்கு மட்டுமே ஞானஸ்நானம் தரலாம் என்ற முடிவுக்கு வந்து, 1536-இல் குருத்துவத்தைத் துறந்தார். மணம் செய்துகொண்டு பிள்ளைகளும் பெற்றார். 1542-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஆட்சி அவர் தலைக்கு 100 கில்டர் விலை வைத்தது. மனைவியையும் சிறு பிள்ளைகளையும் ஓராண்டோ அரையாண்டோ பத்திரமாகத் தங்கவைக்க எங்கும் ஒரு குடிசை கிடைக்கவில்லை என்று 1544-இல் அவர் எழுதினார். தம் குடும்பத்துக்கே கூரை தேடி அலைந்தவரின் வழிவந்தவர்கள், இன்று முன்பின் அறியாதவர்களுக்குக் கூரை போட்டுத் தருகிறார்கள்.

தொழிலில் இந்த விசுவாசம் முதலில் வெளிப்படுவது வாக்கில்தான். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற மலைப்பிரசங்க வசனத்தை மெனோனைட்டுகள் அப்படியே எடுத்துக்கொண்டதால், நீதிமன்றத்திலும் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்தார்கள். அமெரிக்க அரசியலமைப்பு, பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி தரவும் இடம்கொடுக்கிறது. ஆனால் சாட்சிக்கூண்டைவிடக் கட்டடக் களமே இதற்குக் கடினமான சோதனை என்பேன். இத்தனை நாளில் முடிப்பேன், இன்ன மரத்தைத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டால், மரத்தின் விலை ஏறிய பிறகும் அந்தச் சொல் நிற்க வேண்டும். மேலும், பழமையைப் பேணும் சபைகளில் வழக்குத் தொடுப்பதையும் தவிர்ப்பதால், பணம் தராமல் இழுத்தடிப்பவரிடம் பேசிப் பார்ப்பதற்கு மேல் கட்டுபவரால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது. நட்டம் வரும் என்று தெரிந்தே ஏற்கும் கொள்கை இது.

எல்லாக் காலத்திலும் எல்லாரும் தங்கள் கொள்கைகளில் ஒரே சீராக நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஃபிரீஸ்லாந்தின் ஹார்லிங்கனிலிருந்து, இன்று போலந்தில் குடான்ஸ்க் எனப்படும் டான்சிக் நகருக்குப் போய் வேலை பார்த்த ஆடம் வீபே ஒரு மெனோனைட். 1644-இல் கயிற்றில் வாளிகளைத் தொங்கவிட்டுக் குன்றிலிருந்து மண்ணைக் கொண்டுசென்ற அவருடைய கயிற்றுப்பாதை ஏற்பாடு இன்றும் பொறியியல் வரலாற்றில் பேசப்படுகிறது. அந்த மண் போய்ச் சேர்ந்த இடமோ கோட்டைக் கொத்தளம். வாளெடுக்க மறுக்கும் சபையைச் சேர்ந்தவர் போருக்கான மதிலை எழுப்பியது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது, மதில் காப்பதற்குத்தானே என்ற சமாதானத்தையும் மீறி.

இந்த விசுவாசம் தன் வேலையைச் சரியாகக் கண்டடைந்தது 1950-இல், கான்சாஸ் மாநிலத்தின் ஹெஸ்டனில் என்பேன். ராணுவச் சேவையை மனச்சாட்சியின்பேரில் மறுத்த தலைமுறையின் இளைஞர்கள், சமாதான காலத்திலும் பிறருக்கு உழைக்க வேண்டும் என்று கூடிப் பேசியதிலிருந்து மெனோனைட் பேரிடர்ச் சேவை பிறந்தது. புயலோ வெள்ளமோ சூறையாடிய ஊர்களுக்குத் தச்சர்களும் கூரை போடுபவர்களும் குடும்பத்தோடு போகிறார்கள்; கணவர் சுவர்ப்பலகை அடிக்க, மனைவி குழுவுக்கே சமைப்பதும் உண்டு, அவரே சுத்தியலைப் பிடிப்பதும் உண்டு. முதியோர், உடல் ஊனமுற்றோர், காப்பீடு இல்லாதோர் ஆகியோரின் வீடுகளுக்கே முன்னுரிமை. உழைப்புக்குக் கூலி வாங்குவதில்லை. வீடு முடிந்ததும் ஜெபம் செய்து, கையால் தைத்த ஒரு மெத்தைவிரிப்பையும் கொடுத்துவிட்டு வருவது வழக்கம்.

உடையிலும் ஒழுங்குமுறையிலும் ஒத்துப்போகாமல் பலமுறை பிளவுபட்ட சபை இது. ஒழுங்கு மீறியவர்களைச் சபையிலிருந்து விலக்கிவைப்பதில் மென்னோவே கடுமையானவர். இவர்களிலிருந்து பிரிந்துபோன பிரிவைச் சேர்ந்த, தொப்பியும் தோள்வாரும் அணிந்த ஆமிஷ்காரரும், ஜீன்ஸ் போட்ட நகரத்து மெனோனைட்டும் ஒரே ஆராதனையில் அமர்வது அரிது. ஆனால் இந்தச் சேவையில் இருவரும் ஒரே உத்தரத்தின் இரு முனைகளையும் பிடித்து வேலை செய்கிறார்கள்.