கார் திரும்ப முடியாத தெருவில் ஓர் அடுக்குவீடு

கீழக்கரையில் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். இருந்ததோ மூன்று சென்ட் மனையும் அதில் ஒழுகுகிற ஒரு பழைய வீடும்தான். குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தால் ஆளுக்கொரு ரயில் பெட்டிதான் கிடைக்கும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளம், ஆளுக்கு ஒன்று என்பதில் யாருக்கும் பேச்சில்லை. பேச்சு முழுக்கத் தரைத்தளத்தைப் பற்றித்தான்.

மூத்த மச்சான் சென்னையில் ஃபிளாட் வாங்கியவர். அடுக்குவீடு என்றால் கீழே தூண், தூணுக்கு நடுவே கார், அதற்கு மேல்தான் மனுஷர் என்பது அவர் கணக்கு. "கார் விட இடமில்லாத வீட்டை நாளைக்கு எவன் வாங்குவான்?" என்றார். பெண்மக்களுக்குக் கொடுக்கிற வீட்டை எதுக்கு விக்கணும் என்று ராத்தா (என் அக்கா) கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனாலும் விடவில்லை. இத்தனைக்கும் எங்கள் தெருவில் ஒரு கார் முக்கி முனகி உள்ளே வந்துவிடும், திரும்ப முடியாது. வந்த வழியே ரிவர்ஸில்தான் போகவேண்டும், எதிரே ஒரு ஆட்டோ வராதவரைக்கும்.

ஆண்கள் எல்லோரும் வெளியூர், வெளிநாடு. கட்டட வேலை என் தலையில் விழுந்தது. ராம்நாட்டில் ஒரு இன்ஜினியரைப் பிடித்தேன். அவர் தாளில் போட்டுக் காட்டிய கணக்குதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் விட வேண்டியதை விட்டால் கட்டுவதற்கு 650 சொச்சம் மிஞ்சும். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும், அதாவது 135 சதுர அடி. மூன்று காருக்கு நானூறு. அது சும்மா நிற்பதற்கு மட்டும். உள்ளே வந்து திரும்பி வெளியேற இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு. மாடிப்படியும் மோட்டாரும் சேர்ந்தால் தரைத்தளம் காலி. "ஒரு வீட்டைக் கட்டி மூணு காருக்கு வாடகை இல்லாம குடுக்குறீங்கம்மா" என்று சிரித்தார்.

அந்தத் தரைத்தள வீட்டில்தான் உம்மா இருக்கவேண்டியது. உம்மாவுக்கு இரண்டு முட்டும் வலி. "என் மையத்து (உடல்) எடுக்கிற அன்னைக்குத்தான் நான் கீழே இறங்கணுமா? காருக்கு முட்டு வலிக்குமா, அதைக் கொண்டுபோய் வேற எங்கயாச்சும் வைங்க" என்று உம்மா சொன்னதும் பாதி வாதம் முடிந்தது. லிஃப்ட் வைக்கலாமே என்றார் மச்சான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்குவதில்லை. லிஃப்ட்டுக்கு யார் மாரடிப்பது? பூமிக்கடியில் பார்க்கிங் போட்டால் என்ன என்று துபாயிலிருந்து தங்கச்சி மாப்பிள்ளை கேட்டார். கொஞ்சம் தோண்டினாலே உப்புத்தண்ணீர் ஊறும் ஊர் இது. பிறந்து வளர்ந்தவருக்கு மறந்துபோயிருக்கிறது.

வீட்டில் ஒத்துக்கொண்டாலும் விதி ஒத்துக்கொள்ள வேண்டுமே. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் வாகன நிறுத்தத்துக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. வீட்டின் பரப்பைப் பார்த்துத்தான் அது இடம் கேட்கிறது. பெரிய வீடானால் கார், சின்ன வீடானால் இருசக்கர வண்டிக்கு இடம் காட்டினால் போதும். வீட்டில் கார் இருக்கிறதா, தெருவில் கார் வருமா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை.

இதற்கு ஊருக்கு ஊர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிளானில் கார் வரைந்து அனுமதி வாங்குவது, கட்டி முடித்ததும் தூணுக்கு நடுவே சுவர் எழுப்பிக் கடையோ வீடோ ஆக்கிவிடுவது. எங்களுக்கும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. தாளில் ஒன்று, தரையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு மூன்று பேர் பெயரில் பத்திரம் எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்ஜினியர் சொன்ன இன்னொரு வழி நேரானது, ஆனால் வலித்தது: ஒவ்வொரு வீட்டையும் 500 சதுர அடிக்குள் சுருக்கி, சின்ன வீட்டுக் கணக்கில் பைக்குக்கு மட்டும் இடம் காட்டுவது.

ராத்தாவுக்கு இது பெரிய இறக்கம். நாலு பேர் வந்தால் உட்கார ஒரு பெரிய ஹால், விருந்தாளிக்குத் தனி அறை என்று கனவு வைத்திருந்தவர். கல்யாணம், பெயர் வைப்பு, ஃபாத்திஹா என்றால் பெண்கள் கூடுவதற்கு இடம் வேண்டும். அதற்காக மொட்டைமாடியைப் பொதுவாக வைத்துக் கூரை போட்டுக்கொள்ளலாம் என்று பேசிச் சமாளித்தோம். உண்மையைச் சொன்னால் அந்த ஹால் இல்லாத குறை இன்றைக்கும் இருக்கிறது. கார் வேண்டாம் என்றதற்குக் கொடுத்த விலை அது.

இந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து தினமும் போனில் பாடம் நடத்தினார். அங்கே அரசு அடுக்குவீடு வாங்கினால் கார் இடம் கூடவே வராது. கார் வைத்திருப்பவர் மாதாமாதம் தனியாகக் காசு கட்டி நிறுத்தவேண்டும். கார் வாங்குவதற்கே பத்து வருஷ உரிமச் சான்றை ஏலத்தில் எடுக்கவேண்டும். "வச்சிருக்கிறவன் கட்டுறான். இல்லாதவன் ஏன் கட்டணும்?" என்பார். நானும் தேடிப் படித்தேன். லண்டனில் 2004-லேயே 'குறைந்தது இத்தனை இடம்' என்பதை எடுத்துவிட்டு 'அதிகபட்சம் இத்தனைதான்' என்று திருப்பிப்போட்டார்கள். நியூசிலாந்து 2020-இல் நகர மன்றங்கள் குறைந்தபட்சக் கார் இடம் கேட்பதையே விடச் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2023 முதல், முக்கியமான ரயில், பஸ் நிறுத்தத்துக்கு அரை மைலுக்குள் கட்டினால் பெரும்பாலும் கட்டாயம் கிடையாது. டொனால்ட் ஷூப் என்கிற பேராசிரியர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: இலவசமாகத் தெரிகிற கார் இடத்துக்கு வீட்டு விலையிலும் வாடகையிலும் எல்லோருமாகச் சேர்ந்து காசு கட்டுகிறோம்.

மச்சானுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அந்த ஊர்களிலெல்லாம் ரயிலும் பஸ்ஸும் ஓடுகின்றன. எங்களுக்குப் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மீன்கடை எல்லாம் நடை தூரம், ராம்நாட்டுக்கு பஸ் இருக்கிறது, அவசரத்துக்கு ஆட்டோ. ஏர்வாடி ரோட்டில் தனியாகக் கட்டியிருந்தால் நானும் மச்சான் பக்கம்தான் நின்றிருப்பேன்.

அனுமதி வாங்கியதில் சொல்ல அதிகமில்லை. பட்டா இன்னும் உம்மம்மா பெயரில் இருந்தது. அதை உம்மா பெயருக்கு மாற்றியதுதான் இழுத்தது. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சர்வே வரைபடம் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் ஏற்றினார் இன்ஜினியர். கடலோரம் என்பதால் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வருகிற உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் மனை வருகிறதா என்று பார்க்கவேண்டும், எங்களுடையது வெளியே. ஆய்வுக்கு வந்தவர் தெருவின் அகலத்தை எங்கள் வாசலில் அளக்காமல் முக்கில் இருக்கிற இடுக்கில் அளந்தார். எத்தனை உயரம், எத்தனை வீடு என்பதைத் தெரு அகலம்தான் தீர்மானிக்கும் என்பதால் இடுக்குத் தெருக்காரர்கள் இதை முதலிலேயே அளந்துவிட்டு வரைபடம் போடுவது நல்லது. பைக் நிறுத்தும் இடத்தின் அளவைத் தெளிவாகக் காட்டச் சொல்லி ஒருமுறை திருப்பினார்கள். காட்டினோம், வந்துவிட்டது.

வட்டிக்குக் கடன் வேண்டாம் என்று உம்மா சொல்லிவிட்டதால் வங்கிப் பக்கம் போகவில்லை. கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார் இடம் இல்லையென்றால் மதிப்பைக் குறைத்துப் போடுகிற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள்.

உண்மையான பாடு கட்டும்போதுதான். கார் திரும்பாத தெருவில் லாரி எப்படி வரும்? எம்-சாண்டும் ஜல்லியும் தெருமுனையில் கொட்டப்பட்டு, சட்டி சட்டியாகத் தலைச்சுமையில் வந்தன. சுமைக்கூலி நாங்கள் போட்ட கணக்கை மீறியது. ஊர்த் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் கம்பி துருப்பிடிக்கும் என்று வெளியிலிருந்து நல்ல தண்ணீர் டேங்கரில் வாங்கினோம். அதுவும் முனையில் நின்று, குழாய் இழுத்து, அக்கம்பக்கத்து வாசல்களைத் தாண்டி வந்தது. குழாயில் தடுக்கி விழாதவர் தெருவில் யாரும் இல்லை, ஏச்சு வாங்காத நாளும் இல்லை. ஒரே ஒரு லாபம்: பழைய வீட்டைச் சுண்ணாம்பும் பவளக்கல்லும் வைத்துக் கட்டியிருந்தார்கள். பவளத்தை இப்போது யாரும் கடலிலிருந்து எடுக்க முடியாது, 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. இடித்த கல்லை வெளியே அனுப்பாமல் கடைக்கால் நிரப்பப் போட்டோம். அந்த அளவுக்கு மண் சுமக்கிற கூலி மிச்சம்.

கரண்ட் இணைப்புக்குப் பணி முடிப்புச் சான்று கேட்பார்களோ என்று பயந்தேன். 2024-இல் விதியைத் திருத்தி எட்டு வீடு, 750 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்புக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள், தப்பித்தோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் (ரெரா) பதிவும் எட்டு வீட்டுக்குள் என்பதால் தேவைப்படவில்லை.

பிறகு உம்மா எங்கள் மூவருக்கும் செட்டில்மென்ட் எழுதினார். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் உச்சம் 10,000. வீடு தனித்தனி, மனையில் ஆளுக்கு மூன்றில் ஒரு பிரிபடாத பாகம். பைக் நிறுத்தும் இடமும் மொட்டைமாடியும் மூவருக்கும் பொது, யாரும் தடுப்பு வைக்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதச் சொன்னேன். மச்சானுக்கு அது உறுத்தியது. சென்னையில் அவர் கார் இடத்துக்குத் தனியாக ரசீது இல்லாமல் பணம் கொடுத்தவர். தூணுக்கடியில் இருக்கும் இடத்தை பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஒரு மும்பை வழக்கில் சொல்லியிருக்கிறது, மச்சான் என்றேன். "அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

இப்போது தரைத்தளத்தில் தங்கச்சியும் உம்மாவும். உம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவையே நடத்துகிறார். மச்சான் ஊருக்கு வரும்போது காரைத் தெருமுனையில் ஒரு காலி மனையில் நிறுத்துகிறார், மாத வாடகை அவரே கொடுக்கிறார், நாங்கள் கேட்பதில்லை. அந்த மனைக்காரர் வருகிற தை மாதம் கடை கட்டப்போகிறாராம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஷெட் வாடகைக்கு இருக்கிறது என்று தெருவில் ஒரு காக்கா (அண்ணன் முறை ஒருவர்) சொன்னார். நம்பரை மச்சானுக்கு அனுப்பிவிட்டேன்.