வலது கைக்கு ஓய்வு கொடுக்கும் ஆட்டம்: சாஃப்ட்பால் விளையாடும் மகளுக்காகத் தேடியது

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பள்ளி சாஃப்ட்பால் அணியில் பிட்சர், அதாவது பந்தெறிபவள். பேஸ்பாலைப் போன்ற ஆட்டம் இது. பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களே குறைவு, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிட்சர் பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறிவதில்லை. கஞ்சிக்கோட்டில் நிற்கும் காற்றாலை றெக்கை போலக் கையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடவேண்டும். பெரிய பெண்கள் ஆட்டத்தில் 43 அடி தூரத்திலிருந்து விடுகிறார்கள்.

கீழிருந்து விடுவதால் தோளுக்குக் கேடில்லை என்று எங்களிடம் நிறையப் பேர் சொன்னார்கள். அது சரியில்லை. அவ்வளவு வேகத்தில் சுற்றி வரும் கையைத் தோள் மூட்டோடு இழுத்துப் பிடித்து வைப்பது புஜத்தின் முன்தசையும் தோளைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளும்தான். பேஸ்பால் பிட்சர்களின் தோளில் விழும் விசைக்குக் கிட்டத்தட்ட ஈடான விசை இதிலும் விழுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சப்-ஜில்லா, ஜில்லா போட்டிகள் அடுத்தடுத்து வந்த மாதங்களில் என் மகளுக்குத் தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. தலை சீவக் கை தூக்கினால் முகம் சுளிப்பாள். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டினோம். கிழிசல் எதுவும் இல்லை, ஓயாத வேலையால் வந்த வலி என்றார். "பந்தெறியறதைக் கொஞ்ச மாசம் நிறுத்துங்க, ஆனா பாப்பாவை ஓடவிடாம உக்கார வெச்சிராதீங்க. கைக்கு வேலையில்லாத வேற ஒரு ஆட்டம் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதே கருத்துதான் இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுவரை பிள்ளையை ஒரே ஆட்டத்தில் கட்டிப்போட வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது, மாதம் மாதமாகப் பிரித்தாவது, அந்த முக்கிய ஆட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். பிள்ளையின் வயது எத்தனையோ அதற்கு மேற்பட்ட மணி நேரம் வாரத்தில் பயிற்சி கொடுக்கக்கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் எனக்கு மிகவும் உதவியது. அதை வைத்து என் மகளின் வாரத்தைக் கூட்டிப் பார்த்தேன். போட்டிக் காலத்தில் அது வரம்பைத் தாண்டியிருந்தது.

பிறகு எந்த ஆட்டம் என்ற கேள்வி வந்தது. கேட்ட எல்லோரும் சாஃப்ட்பாலுக்கு எது உதவும் என்றே யோசித்தார்கள். நான் ஒரு நோட்டில் சாஃப்ட்பால் அவள் உடம்புக்கு என்னவெல்லாம் கொடுக்கவில்லை என்று எழுதினேன். எறிவது வலது கை. பேட் வீசும்போது இடுப்பு திரும்புவதும் எப்போதும் ஒரே பக்கம். ஓட்டம் என்றால் ஒரு பேஸிலிருந்து (ஓடித் தொடவேண்டிய இடக்குறி) அடுத்ததற்கு 60 அடி, அதற்குப் பிறகு நிற்பது, காத்திருப்பது. மூச்சிரைக்கத் தொடர்ந்து ஓடுவது இல்லை. இடது பக்கம் வெட்டித் திரும்புவது குறைவு. இன்னொன்றையும் சேர்த்து எழுதினேன்: பிட்சரைத்தான் மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்களிலிருந்தும் ஒரு பிள்ளைக்கு விடுமுறை வேண்டும்.

இந்த நோட்டை வைத்துப் பார்த்தபோது சுலபமாகக் கிடைத்த ஆட்டங்கள் முதலிலேயே கழிந்தன. ஷட்டில் ஆட எங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது, மழைக்காலத்திலும் தடையில்லை. ஆனால் அதுவும் அதே வலது தோளை, அதுவும் தலைக்கு மேலே, திரும்பத் திரும்ப அடிக்கவைக்கும். கேரளத்தில் வாலிபால் மேல் உள்ள பிரியத்தைச் சொல்லத் தேவையில்லை, என் வீட்டுக்காரருக்கும் அதில்தான் ஆசை. ஸ்மாஷும் சர்வீஸும் தோளுக்கு இன்னொரு சுமைதான் என்பதால் அவரிடம் பொறுமையாகச் சொல்லி விலக்கினேன். நீச்சல் எல்லாப் பிள்ளைகளும் கற்கவேண்டியது, உயிர்காக்கும். ஆனால் பயிற்சியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளும் தோள் எத்தனை நூறு முறை சுழல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டத்தை மட்டும் நெடுநாள் யோசித்தேன். பாலக்காட்டுக்காரர்களுக்கு அது ரத்தத்திலேயே உண்டு. பறளியும் முண்டூரும் பள்ளி ஓட்டக்காரர்களால் பேர் வாங்கிய ஊர்கள். 2017-இல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பி.யு.சித்ரா முண்டூர்க்காரர். மகளிடம் கேட்டேன். "தனியா ஓடறது போரடிக்கும்மா, கூட ஆளு வேணும்" என்றாள். பிள்ளைக்குப் பிடிக்காததைத் திணித்து ஓய்வு என்று பேர் வைக்க முடியாது.

கடைசியில் கோ-கோ. அவளுடைய பள்ளியிலேயே அணி இருக்கிறது, செலவில்லை, சாயங்காலம் அதே பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை நம் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் வென்றதிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அதன்மேல் புதுமரியாதை வந்திருந்தது. அந்தப் பெருமையில் நான் மயங்கவில்லை, ஆட்டத்தின் விதிகளைத்தான் பார்த்தேன். எறிதல் என்ற பேச்சே இல்லை. கை வேலை செய்வது தொடுவதற்கு மட்டும். துரத்துகிற அணியில் எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் துரத்துவார். துரத்துபவர் ஒரு திசையில் ஓட ஆரம்பித்தால் வரிசையின் முனையிலுள்ள கம்பத்தை எட்டும்வரை திரும்பக்கூடாது, நடுக்கோட்டையும் தாண்டக்கூடாது. தப்பி ஓடுபவருக்கு அந்தத் தடை இல்லை, ஆட்கள் நடுவே இரண்டு பக்கமும் வெட்டி வெட்டித் திரும்பலாம். நோட்டில் எழுதியிருந்த குறைகள் பெரும்பாலும் இதில் நிரம்பின.

நான் தேடாமலே ஒன்று கிடைத்தது. துரத்துபவர் பின்னாலிருந்து தொட்டு "கோ" என்று சொல்லும்வரை உட்கார்ந்திருப்பவர் எழக்கூடாது, முந்தினால் ஃபவுல். சாஃப்ட்பாலில் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும்வரை காலை எடுக்கக்கூடாது, முந்தினால் அவுட். இரண்டிலும் அடக்கி நின்று ஒரே நொடியில் பாயவேண்டும். என் மகளுக்குப் பேஸ் ஓட்டத்தில் இருந்த தயக்கம் போன இடம் இதுதான் என்று நம்புகிறேன்.

எதிர்ப்பும் வந்தது. சாஃப்ட்பால் பயிற்சியாளர் ஒருவர், "ஏங்க, பாப்பாவ ஒரே ஆட்டத்துல நிறுத்துங்க. ஸ்டேட்டுல ஜெயிச்சா எஸ்.எஸ்.எல்.சி.க்கு கிரேஸ் மார்க் வருமுங்க" என்றார். மார்க்கின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் பத்தாம் வகுப்பு வரும்போது அந்தத் தோள் உருப்படியாக இருந்தால்தானே அந்த மார்க்? இதையே அவரிடம் நேரில் சொன்னேன், பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த சீட்டையும் காட்டினேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். எதிர்பாராத சிக்கல் அடுத்த பக்கத்திலிருந்து வந்தது. இவள் ஓடுவதைப் பார்த்த கோ-கோ மாஷ் (ஆசிரியர்) சப்-ஜில்லா அணியில் பெயர் எழுத விரும்பினார். இரண்டு ஆட்டத்தின் போட்டிகளும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவதால், எழுதினால் ஓய்வு என்ற நோக்கமே போய்விடும். "இந்த வருசம் பயிற்சி மட்டும் போதுங்க மாஷ், போட்டி வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். மகளுக்கு அன்றைக்கு வருத்தம்தான். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, எட்டாம் வகுப்பில் அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அத்தை பயந்தது முழங்காலுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. வெட்டித் திரும்பும் ஆட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல் என்ற இணைப்பு நார் அறுபடும் ஆபத்து ஆண்பிள்ளைகளைவிடக் கூடுதல். கிடுகிடுவென வளரும் இந்த வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் வலியும் வரும், குந்தி எழும் ஆட்டத்தில் அது தெரியும். அதனால் விளையாடும் முன் ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயாமல் பார்ப்பது என்று ஒரு கால்மணி நேரப் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுவந்தாள். அதைச் செய்யாத நாளில் ஆட்டம் கிடையாது. கல்லும் கரடுமான தரையில் டைவ் அடிப்பதற்கும் இப்போதைக்கு அனுமதியில்லை.

எங்கள் ஆண்டு இப்போது இப்படி ஓடுகிறது. போட்டிகள் முடிந்ததும் டிசம்பரில் கிளவ்வை அலமாரியில் வைத்துவிடுகிறோம். மார்ச் பரீட்சைவரை கோ-கோ மட்டும். ஏப்ரலில் பந்தைத் தொடுகிறாள், முதலில் பக்கத்திலிருந்து மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி. எறிந்த எண்ணிக்கையை அவளே நோட்டில் குறித்துவைக்கிறாள். இந்த ஏப்ரலில் தலை சீவும்போது வலியில்லை. கோ-கோவில் என்ன பிடித்தது என்று கேட்டதற்கு, "அங்க எல்லாரும் என்னையவே பாத்துட்டு இருக்கறதில்லம்மா" என்றாள்.

உங்கள் பள்ளியில் கோ-கோ இல்லையென்றால், பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து இருக்கிறதா என்று விசாரியுங்கள். கோல்கீப்பராக மட்டும் நிறுத்தவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எறியத் தெரிந்த பிள்ளையை அங்கேதான் முதலில் நிறுத்துவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் நான் இரண்டு மாஷ்களிடமும் ஒரே தாளைக் கொடுக்கப்போகிறேன். எந்த மாதம் எந்த ஆட்டம், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, வலி என்று சொன்னால் யாருக்குப் போன் செய்வது என்று அதில் எழுதி, கீழே மகளின் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன்.