மணிக்கு 140 டாலர், மூலம் உட்பட

முந்தாநேத்து காலைல பேஸ்மெண்ட்ல வாட்டர் ஹீட்டருக்கு அடியில குளம். ரங்கமணிக்கு போன் பண்ணா "பழைய துணி போட்டு வை, சாயங்காலம் வந்து பாக்கறேன்"னார். போன தடவை இவர் பாத்த லட்சணத்துலதான் எங்க கிச்சன் குழாய்ல சிவப்புப் பக்கம் திருப்பினா பச்சத்தண்ணி வருது. பேசாம பிளம்பரக் கூப்பிட்டுட்டேன். மணிக்கு 140 டாலர். அந்தக் கணக்க ஞாபகம் வச்சுக்கிட்டு மேல படிங்க.

ஆளு வந்தார். அம்பத்தஞ்சு வயசிருக்கும், தலைல நீலத்தொப்பி, அதுல கன்சாஸ் சிட்டி பேஸ்பால் டீம் முத்திரை. பின்னாடியே நம்ம எதிர்வீட்டுத் தாத்தா. தெருவுல எந்த வேன் நின்னாலும் என்ன ஏதுன்னு கேட்டுட்டுப் போகலன்னா அவருக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்காதே. அவர் தலைல பிலடெல்பியா பேஸ்பால் டீம் ஃபில்லீஸோட அந்த அழுக்குச் சிவப்புத் தொப்பி. எனக்கு அப்பவே வயித்தக் கலக்குச்சு.

"கன்சாஸ் சிட்டியா? அப்ப 1980 ஞாபகம் இருக்குமே?"ன்னார் தாத்தா. அவ்ளோதான், அந்தாளு ஸ்பானரக் கீழ வச்சுட்டார்.

தாத்தா பக்கம் ஃபில்லீஸோட மைக் ஷ்மிட், பிளம்பர் பக்கம் கன்சாஸ் சிட்டியோட ஜார்ஜ் ப்ரெட். ரெண்டு பேரும் மூணாவது பேஸ்ல நின்னு ஃபீல்டிங் பண்றவங்க, ரெண்டு பேருக்கும் அந்த வருஷம் ஆளுக்கொரு லீக்ல எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் பட்டம், போதாததுக்கு ரெண்டு லீக் சாம்பியனும் மோதற வேர்ல்ட் சீரீஸ்லயும் நேருக்கு நேர். 1883ல ஆரம்பிச்ச ஃபில்லீஸ் முதல்முதலா கப்பு ஜெயிச்சது அப்பதான். தாத்தா அன்னிக்கு ஸ்டேடியத்துல இருந்தாராம், போலீஸ் குதிரைங்க கிரவுண்டச் சுத்தி நின்னுச்சாம். இந்தக் குதிரைக் கதைய நான் கேக்கறது இது பதினோராவது தடவை.

"548 ஹோம் ரன்! உங்காளு 317!"ன்னார் தாத்தா. "3154 ஹிட்டு! உங்காளு 2234!"ன்னார் பிளம்பர். (ஹோம் ரன்னா நம்ம சிக்ஸர் மாதிரி, ஹிட்டுன்னா அடிச்சுட்டு பேஸுக்குப் போய்ச் சேர்றது.) ஃபீல்டிங்குக்குக் குடுக்கற கோல்ட் கிளவ் விருது 10க்கு 1, எம்விபி 3க்கு 1ன்னு தாத்தா விரல மடக்க, "1980ல ப்ரெட் ஆவரேஜ் .390, பத்துக்குக் கிட்டத்தட்ட நாலு ஹிட்டு! சீசன் முழுக்க 22 தடவைதான் ஸ்ட்ரைக் அவுட்! உங்காளு பாதி நாள் காத்தாடியா சுத்திக்கிட்டிருந்தாரு"ன்னு இவர். (இதுவரைக்கும் 35 டாலர். தண்ணி சொட்டிக்கிட்டேதான் இருக்கு.)

"ப்ரெட் 1987லயே ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடிட்டாரே!" "1985ல உங்காளு எங்க நின்னாரு? அதே ஃபர்ஸ்ட் பேஸ்லதானே! அதுவும் சொந்த ஊர்க்காரங்க ஏசுவாங்கன்னு விக்கு மாட்டிக்கிட்டு வந்தாரு!" தாத்தா மூஞ்சி தொப்பி கலருக்கு வந்துருச்சு. "எங்க புள்ளைய நாங்க ஏசுவோம். நீ யாரு கேக்க?"

அப்புறம் 1983 பிசின் கலாட்டா. பிடி வழுக்காம இருக்க பேட்ல தடவற பைன் மரப் பிசின், விதில சொன்ன 18 இன்ச்சுக்கு மேல இருக்குன்னு அம்பயர் அவுட் குடுத்ததும் ப்ரெட் வெறி பிடிச்ச மாதிரி ஓடி வந்தார்ல, அத நடிச்சுக் காட்டறேன்னு அந்தாளு ஸ்பானரத் தூக்கிக்கிட்டு வாஷிங் மெஷின் கிட்டேருந்து ஓடி வர்றார், ஈரத்தரை, நான் இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். (105 டாலர்.)

அம்மா படிக்கட்டுல உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இதெல்லாம் பாத்துக்கிட்டிருந்தாங்க. "ஏண்டி, சொத்துத் தகராறா?"

நான் வாயத் திறக்கறதுக்குள்ள தாத்தா கடைசி அஸ்திரத்த விட்டார். "அந்த 1980 சீரீஸ் ரெண்டாவது மேட்ச்ல பாதியில எழுந்து போனவர்தானே உங்காளு?" பிளம்பர் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "ஏன் போனாருன்னு சொல்லுங்க. அடுத்த நாள் ஆபரேஷன். அதுக்கடுத்த நாள் மூணாவது மேட்ச், முதல் இன்னிங்ஸ்லயே ஹோம் ரன்!"

"என்ன ஆபரேஷனாம்?" அம்மா விடல.

"மூலம்மா."

வெங்காயம் கையோட நின்னுருச்சு. "மூலத்தோடயா ஓடினான்? ஆபரேஷன் பண்ண மறுநாளா? அப்ப அவன்தாண்டி பெரியாளு, இதுல பேச என்ன இருக்கு? உங்கப்பாவுக்கு வந்தப்ப பத்து நாள் குப்புறப் படுத்துக்கிட்டு ஊரையே கூட்டினாரே! தபால்காரன்கிட்டகூட சொல்லி அழுதாரு, அவன் அடுத்த நாள் ஒரு கட்டு துத்தி இலையோட வந்தான்." சொல்லிட்டு சிரிக்கறாங்க, அப்படி ஒரு சிரிப்பு. அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகுது, அவரப் பத்திப் பேசி அம்மா சிரிச்சு நான் பாக்கல. வெங்காயத்தோட சேத்து கண்ணையும் தொடச்சுக்கிட்டாங்க.

தீர்ப்ப இங்கிலீஷ்ல சொன்னேன். பிளம்பர் தொப்பியக் கழட்டி அம்மாவுக்குக் கும்பிடு மாதிரி ஒண்ணு போட்டார். தாத்தா, நடுவர் ஒருதலைப்பட்சம்னார். மூணு பேரும் காபி குடிச்சாங்க. பில் 280. இதுல ஹீட்டரத் தொட்டது இருபது நிமிஷம், அதுவும் வால்வு மாத்தணும், வேற வரவழைக்கணும்னு சொல்றதுக்கு. அதுவரைக்கும் அடியில ஒரு பக்கெட் வச்சிருக்கோம்.

ராத்திரி பில்ல பாத்துட்டு ரங்கமணி ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் மெதுவா, "சிப்பர் ஜோன்ஸ யாரும் சொல்லவே இல்லையா?"ன்னார். அது அட்லாண்டா டீமோட மூணாவது பேஸ்காரராம். இவரெல்லாம்!

செவ்வாய்க்கிழமை ஒம்போது மணிக்கு வால்வோட வர்றாராம். தாத்தா எட்டே முக்காலுக்கே வந்துடறேன்னு சொல்லிட்டார். அம்மா இந்தியன் கடைல கருணைக்கிழங்கு வாங்கிட்டு வரச் சொல்றாங்க, அந்தக் குழாய்க்காரருக்கு மசியல் பண்ணித் தரணுமாம். "அந்தப் பையன் ப்ரெட்டுக்குத்தான் குடுக்கணும், இவருகிட்டயாவது குடுத்தனுப்புவோம்."