செவ்வாயும் வெள்ளியும்

அக்டோபர் 1, செவ்வாய்

காட்டோடையான குரும்பூர்ப் பள்ளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனாலும் கரையேறும்போது பொலிரோவின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி போய் வரும் அப்பா, ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அக்டோபர் 2

டயரின் பக்கவாட்டில் 1814 என்றிருக்கிறது. அதாவது 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகளான பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகி, மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கின்றன.

அக்டோபர் 5

சத்தியமங்கலத்துக் கடைக்காரர் சேற்றுக்கென்றே செய்த மட் டயரையே காட்டினார். பட்டன்களுக்கு நடுவே என் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. அடைந்த சேற்றைச் சுழலும்போது தானே உதறிவிடும் என்றார். உண்மைதான். ஆனால் மாக்கம்பாளையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சேறா இருக்கிறது? காட்டுப்பாதை முடிந்தபின் கடம்பூரிலிருந்து கீழே இறங்குவதெல்லாம் தார்ச்சாலை வளைவுகள். நனைந்த தாரில் அந்தத் தடித்த பட்டன்கள் போதுமான அளவு தரையைத் தொடாததால், பிரேக் பிடித்த பிறகும் வண்டி சற்றுத் தூரம் ஓடியே நிற்கும். இரைச்சல் வேறு. திரும்பி வரும்போதுதான் அப்பா தூங்குகிறார்.

அக்டோபர் 8, செவ்வாய்

பள்ளத்தில் நட்ட குச்சியில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். போய் வந்துவிட்டோம்.

அக்டோபர் 9

தூக்கமில்லை. 215 மில்லிமீட்டருக்குப் பதில் 235 அகலம் போடலாமா என்று இரவு முழுக்க யோசனை. மணலென்றால் அகலம் நல்லது. இங்கே மேலே வழவழப்பும் அடியில் கெட்டித் தரையும் இருப்பதால், ஒடுங்கிய டயர்தான் வெட்டி இறங்கிப் பிடிக்கும். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாத்தையும் அளக்குற, காத்தை அளந்தியா?”

அக்டோபர் 12

அளந்தேன். முப்பது பவுண்டிலிருந்து இருபதுக்கு இறக்கியதும், அதே கிழட்டு டயர் அதே கரையைச் சுழலாமல் ஏறியது. ஆனால் காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு, பள்ளத்துக் கல்லின் கூர்முனைக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றதைக் குனிந்து பார்த்தபோது வயிறு கலங்கியது. பட்டனைப் பற்றியே பத்து நாளாக யோசித்திருக்கிறேன், கிழிவதென்னவோ பக்கச்சுவர்.

அக்டோபர் 14

பக்கச்சுவர் மூன்றடுக்குள்ள, தாருக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர், அளவு 215/75 ஆர் 15, நான்கு சொல்லியாயிற்று. நம்பர் 19இல் முடியாவிட்டால் வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். தார் ஏறுமுன் காற்றேற்ற பேட்டரி பம்பும் வேண்டும்.

அக்டோபர் 17

இரண்டில் 3119, மற்ற இரண்டில் 0917. அந்தப் பழைய 0917 இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிய இரண்டையும் பின்னால் மாட்டச் சொன்னேன். மழைச்சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை மீட்பது கடினம்.

அக்டோபர் 18, வெள்ளி

இரவெல்லாம் மழை. யானை நடமாட்டம் இருப்பதால் வெளிச்சம் வந்தபிறகே பள்ளத்துக்குப் போனேன். குச்சியைக் காணவில்லை. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எட்டு மணிக்கு மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.